பத்திரிகையில் சென்னையா, தாம்பரமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் செம்பாக்கத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறோம். வருகிற தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கும்பகோணம். பத்திரிகை அடிக்கக் கொடுத்தபோது எங்கள் ஊரைத் 'தாம்பரம்' என்று போடச் சொன்னேன். என் கணவர் 'சென்னை' என்றுதான் போட வேண்டும் என்கிறார். இது எங்களுக்குள் நடக்கும் பேச்சு, விடுங்கள். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி விளையாட்டாக, "கும்பகோணம் சின்னதா இருந்தாலும் நகரம். உங்க ஊரு எவ்வளவு பெரிசானாலும் புறநகர்தானே" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. எங்களுக்கும் மாநகராட்சி வந்துவிட்டது, மேயர் இருக்கிறார், தனி போலீஸ் கமிஷனர் இருக்கிறார். பிறகும் புறநகர் என்றால் எப்படி? தாம்பரம் தனி நகரமா, இல்லை சென்னையின் வால்தானா? நகரமைப்புத் துறையில் இருந்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.
(பெயர் வேண்டாம், செம்பாக்கம்)

பதில்: அம்மா, முதலில் மகளுக்கு என் வாழ்த்து. அச்சகத்தில் காத்துக்கொண்டிருப்பார்கள், ஆகவே பத்திரிகை விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். 'செம்பாக்கம், தாம்பரம், சென்னை' என்று மூன்றையும் ஒரே வரியில் போட்டு, கடைசியில் பின்கோடு எண்ணையும் சேர்த்துவிடுங்கள். மூன்றில் எதுவும் பொய்யில்லை. அஞ்சல் துறை உங்கள் பகுதிக்கு 600 என்று தொடங்கும் சென்னை எண்ணைத்தான் கொடுத்திருக்கிறது. தொலைபேசிக்கும் சென்னையின் 044தான். உங்கள் கணவர் சொல்வதற்கு ஆதாரம் தபால்காரரிடம் இருக்கிறது, நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் வீட்டு வரி ரசீதில் இருக்கிறது. இரண்டு பேரும் ஜெயித்ததாக வைத்துக்கொள்ளலாம்.

சம்பந்தி சொன்னதுதான் கொஞ்சம் பெரிய சமாசாரம். அதில் பாதி தப்பு, பாதியில் விஷயம் இருக்கிறது. தப்பான பாதியை முதலில் பார்த்துவிடுவோம், அது சுலபம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பேரைத் தொட்டுவிட்ட ஊர் முதல் வகுப்பு ஊர், அதாவது நகரம். அவ்வளவுதான் அவர்கள் இலக்கணம். கோயில் எத்தனை, கோபுரம் எத்தனை என்றெல்லாம் கேட்பதில்லை. 2011 கணக்குப்படி கும்பகோணத்தில் 1.40 லட்சம் பேர். தாம்பரத்தில் 1.74 லட்சம், பல்லாவரத்தில் 2.15 லட்சம். இது தாம்பரம் நகராட்சியாக இருந்த காலத்துக் கணக்கு, மாநகராட்சி அப்போது வரவில்லை. அந்தக் கணக்கிலேயே தாம்பரம் நகரம்தான், கும்பகோணத்தைவிடப் பெரிய நகரம்.

ஆனால் அதே துறை, அதே கணக்கெடுப்பில், இன்னொரு அட்டவணையில் தாம்பரத்தையும் பல்லாவரத்தையும் சென்னை நகரத் தொகுப்பு என்ற தலைப்பின் கீழ் சேர்த்து, எல்லாமாக 86 லட்சத்துச் சொச்சம் பேர் என்று ஒற்றை எண்ணாகவும் எழுதி வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் தனி நகரம், அடுத்த பக்கத்தில் பெரிய நகரத்தின் ஓர் உறுப்பு. இதில் அவர்களுக்கு முரண்பாடு எதுவும் தெரிவதில்லை. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவியாக இருப்பவர் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் இளநிலை உதவியாளராக இருப்பதில்லையா, அது மாதிரி. தாம்பரத்தில் வேலை பார்க்கும் மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி சென்னைக்கு உள்ள விகிதத்தில் வருவது இந்த இரண்டாவது அட்டவணையால்தான். புறநகர் என்று சொல்வதில் காசும் இருக்கிறது, சம்பந்தியிடம் சொல்லிவையுங்கள்.

அடுத்தது சட்டம். 74-வது திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த 243-கியூ பிரிவு நகர்ப்புறத்துக்கு மூன்று விதமான உள்ளாட்சியைச் சொல்கிறது. நம் மாநிலத்தில் அவை பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. எந்த ஊருக்கு எது என்று அறிவிக்கும்போது மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சிக்கு வரும் வருமானம், விவசாயம் அல்லாத வேலையில் எத்தனை சதவீதம் பேர், பொருளாதார முக்கியத்துவம் இவற்றைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் இதைவிடப் பெரிய ஊர் இருக்கிறதா, இது அதற்கு வாலா என்று எங்கும் கேட்கவில்லை. 2021-இல் தமிழ்நாட்டில் ஆறு புதிய மாநகராட்சிகள் வந்தன: தாம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், கரூர், கடலூர், சிவகாசி. பார்த்தீர்களா, உங்கள் ஊரும் சம்பந்தி ஊரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவைதான். முன் பந்தி, பின் பந்தி என்று பேச இடமே இல்லை.

சரி, இதோடு நிறுத்தினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மாநகராட்சி என்பது ஓர் ஆபீஸின் பெயர். ஓர் ஊர் நகரமா இல்லையா என்பதை ஆபீஸின் பெயர்ப்பலகையை வைத்து முடிவு செய்ய என் தொழில் அனுபவம் இடம் கொடுக்கவில்லை.

அம்பத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் அங்கே 4.66 லட்சம் பேர். கிட்டத்தட்ட திருநெல்வேலி மாநகராட்சி அளவு, தஞ்சாவூரைப்போல் இரண்டு மடங்கு. ஊரே வேலைக்குப் போகிற மாதிரி ஒரு பெரிய தொழிற்பேட்டை 1960-களிலிருந்து அங்கே இருக்கிறது. கணக்கெடுத்து முடித்த அதே வருடம் சென்னை மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரித்தார்கள். ஒன்பது நகராட்சி, எட்டுப் பேரூராட்சி, இருபத்தைந்து ஊராட்சி உள்ளே போயின. அம்பத்தூரும் போனது. நான்கரை லட்சம் பேர் இருந்த நகராட்சி இன்று சென்னையின் ஏழாவது மண்டலம். பெரிய ஆர்ப்பாட்டம் ஒன்றும் நடக்கவில்லை. சிலர் வரி ஏறுமே என்று கவலைப்பட்டார்கள், பலர் இனிமேல் நாமும் சென்னைதான் என்று சந்தோஷப்பட்டார்கள்.

இதே மாதிரி ஓர் அரசாணையில் கும்பகோணத்தைக் கலைத்துத் தஞ்சாவூரின் ஒரு மண்டலம் ஆக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். மகாமகக் குளத்துப் படியில் உட்கார்ந்துவிடுவார்கள். உங்கள் சம்பந்தியின் சிரிப்புக்குப் பின்னால் இருப்பது இந்தத் தைரியம்தான். தன் ஊர் யாருக்கும் பக்கத்து ஊர் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

பழமையான ஊர் என்பதால் வரும் பலம் என்று நினைக்காதீர்கள். பழமை யாரையும் காப்பாற்றவில்லை. திருவொற்றியூர் பாடல் பெற்ற தலம், பட்டினத்தார் அடங்கிய இடம், மெட்ராஸ் என்ற பெயர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஊர். அதுவும் 2011-இல் ஒரு மண்டலமாகிவிட்டது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கோட்டை கட்டியவர்களைவிட எவ்வளவு மூத்தவை! சைதாப்பேட்டை தனி நகராட்சியாக இருந்தது, செங்கல்பட்டு மாவட்டத்து கலெக்டரே அங்கே உட்கார்ந்திருந்தார். இன்று அது மெட்ரோ ரயில் நிலையத்தின் பெயர். சென்னை என்பதே அந்தந்தக் காலத்துப் புறநகர்களைக் கோத்துக் கட்டிய மாலைதான். பல்லாவரத்துக்கு வந்தால் பழமைப் பேச்சே வேண்டாம். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தது அங்கேதான். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சியே அந்த ஒற்றைக் கல்லிலிருந்து தொடங்கியது. ஆனாலும் பல்லாவரத்துக்காரர் வெளியூரில் 'சென்னை' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்.

அப்படியானால் எதை வைத்துப் பார்ப்பது? காலையில் ஜனம் எந்தத் திசையில் நடக்கிறது என்பதை வைத்து.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைத் தாம்பரம் ரயில் நிலையத்தில் நிற்க வைத்தார்கள். போக்குவரத்துக் கணக்கெடுப்பு. கையில் அட்டை, அட்டையில் படிவம், நடைமேம்பாலத்தில் போகிறவர்களை நிறுத்தி எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், எதற்கு என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். காலை ஏழு மணிக்கு யார் நின்று பதில் சொல்வார்கள்? சட்டை நனைந்து, குரல் கட்டி, பாதிப் படிவம் காலியாக இருந்தது. அப்போது கூடையில் கீரைக்கட்டு அடுக்கிக்கொண்டு ஓர் அம்மாள் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். படப்பைப் பக்கம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "டவுனுக்கு வந்தேன் தம்பி" என்றார். எந்த டவுனுக்கு? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இதான் டவுனு" என்று மேம்பாலத்தையே கையால் தட்டிக் காட்டினார். அவருக்குப் பின்னால் டிபன் பாக்ஸ் பையோடு பீச் வண்டியைப் பிடிக்க ஓடிய ஒருவரைப் பிடித்து அதே கேள்வியைக் கேட்டேன். "சிட்டிக்குப் போறேன் சார், விடுங்க" என்று ஓடிவிட்டார்.

அந்தப் படியில் அன்று கிடைத்தது எனக்கு ஆயுள் முழுக்கப் போதுமான பாடம். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருகிறவருக்குத் தாம்பரம் நகரம். வடக்கே போகிறவருக்கு அது வீடு. தன்னை நோக்கி ஜனத்தை வரவழைக்கிற இடம் நகரம், காலையில் ஜனத்தை வெளியே அனுப்பிவிட்டு ராத்திரி வாங்கிக்கொள்கிற இடம் புறநகர். பெரும்பாலான ஊர்கள் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். எது கூட என்பதுதான் கேள்வி.

தாம்பரம் வரவழைக்கிற ஊர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1931-இல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்து நின்ற கடைசி நிலையம் அது. கடைசி நிலையம் என்பது சாதாரண விஷயமில்லை. அதற்கு மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லாம் அங்கே வந்துதான் வண்டி ஏற வேண்டும். வந்தவர்கள் டீ குடிப்பார்கள், சைக்கிளை விட்டுப் போவார்கள், திரும்பும்போது காய்கறி வாங்குவார்கள், அப்புறம் துணியும் நகையும் வாங்குவார்கள். இப்படித்தான் கடைத்தெரு பிறக்கிறது. 1937-இல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு இங்கே வந்தது. காசநோய் மருத்துவமனை அதற்கும் முன்னாலிருந்து இருக்கிறது. அதன் பெயரில் ஒரு ரயில் நிலையமே உண்டு. எங்கெங்கோ இருந்து இருமிக்கொண்டு வந்த நோயாளிகள் சானடோரியம் என்ற ஒரே சொல்லைக் கேட்டு இறங்கினார்கள். பக்கத்திலேயே பிறகு ஏற்றுமதி மண்டலம் வந்தது, தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வந்தது. விமானப்படைத் தளம் இருக்கிறது. நாகர்கோவிலுக்கும் செங்கோட்டைக்கும் இங்கிருந்தே ரயில் புறப்படுகிறது. மாநகராட்சிப் பலகை இல்லாத காலத்திலேயே அது நகரத்தின் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இப்போது சங்கடமான இடத்துக்கு வருகிறேன். நான் சொன்ன இந்தத் தாம்பரம் நிலையத்தைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டர். 2021 நவம்பரில் பிறந்த தாம்பரம் மாநகராட்சி அது இல்லை. அதில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என ஐந்து நகராட்சி, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என ஐந்து பேரூராட்சி. எழுபது வார்டு, ஐந்து மண்டலம், 87 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2011 கணக்கைக் கூட்டினாலே ஏழு லட்சம் தாண்டும். இதில் பெரிய ஊர் பல்லாவரம், பெயர் கிடைத்தது தாம்பரத்துக்கு. ரயிலின் நெற்றியில் எழுதியிருந்த பெயர் ஜெயித்தது என்பது என் ஊகம்.

அனகாபுத்தூரில் பாரம்பரியமாக நெசவாளர்கள். வாழைநாரில் புடவை நெய்து பெயர் வாங்கினார்கள். அவர்களுக்குக் கடைத்தெரு என்றால் பம்மல், பல்லாவரம். குரோம்பேட்டை ஒரு தோல் தொழிற்சாலையின் பெயரை ஊர்ப் பெயராகவே சுமக்கிறது. அங்கே இருக்கிறவர் துணி எடுக்க ஒன்று அங்கேயே எடுப்பார், இல்லை தி.நகர் போவார். தாம்பரம் போக அவருக்கு என்ன அவசியம்? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயிருப்பீர்கள். பழைய மின்விசிறி, பூச்செடி, லவ் பேர்ட்ஸ், கழற்றிப் போட்ட கதவு ஜன்னல், எல்லாம் ஒரே தெருவில். அங்கே கடை போட்டவரிடம் உங்கள் ஊர் தாம்பரமா என்று கேட்டால் முறைப்பார். போதாக்குறைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பகுதி பரங்கிமலை-பல்லாவரம் கண்டோன்மென்ட், பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. மாநகராட்சி அங்கே ஒரு தெருவிளக்குப் போட முடியாது.

ஆகவே என் தீர்ப்பை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் நகரம்தான். தாம்பரம் மாநகராட்சி இன்னும் நகரம் ஆகவில்லை. அது ஒரே கயிற்றில் கட்டிய பத்து ஊர். கயிறு புதிது, முடிச்சு இறுக நாளாகும். நீங்களே உங்கள் கடிதத்தில் 'செம்பாக்கத்தில் குடியிருக்கிறோம்' என்றுதான் முதல் வரியில் எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? சிட்லபாக்கத்துக்காரர்கள் தங்கள் ஏரியைக் காப்பாற்றப் பல வருடம் மல்லுக்கட்டினார்கள். கரையில் நின்று குப்பை பொறுக்கி, மனுக் கொடுத்து, விடாமல் கேட்டார்கள். அது சிட்லபாக்கம் என்ற பெயருக்காக நடந்தது. தாம்பரம் என்ற பெயருக்காகப் பம்மல்காரரும் மாடம்பாக்கத்துக்காரரும் சேர்ந்து இப்படி மெனக்கெடும் நாள் வந்தால் அன்றைக்கு நான் இந்தப் பத்தியைத் திருத்தி எழுதுகிறேன்.

மேயர் இருக்கிறாரே என்கிறீர்கள். இருக்கிறார், ஆனால் அவர் கையில் என்ன இருக்கிறது? குப்பை, தெருவிளக்கு, உட்தெருச் சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, சுடுகாடு, பிறப்பு இறப்புச் சான்றிதழ், சொத்து வரி, வீடுகளுக்குத் தண்ணீர் கொடுப்பது. சின்ன விஷயங்கள் இல்லைதான். ஆனால் பஸ் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது, ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை, மின்சாரம் வாரியத்துடையது, போலீஸ் மாநில அரசுடையது. இதைக் கேட்டு மனம் சோர வேண்டாம், கும்பகோணத்து மேயரின் நிலைமையும் இதேதான். சென்னை மேயரே பஸ்ஸுக்கு வழித்தடம் போட முடியாது. ஒரே ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது பெரிய வித்தியாசம். தாம்பரத்தில் எங்கே குடியிருப்பு, எங்கே தொழிற்சாலை, எந்த மனையில் எத்தனை மாடி என்று வகுக்கிற முழுமைத் திட்டம் எழும்பூரில் உட்கார்ந்திருக்கும் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் போடுவது. சின்னக் கட்டடங்களுக்கு அனுமதி மாநகராட்சியிலேயே கிடைக்கும், பெரியவற்றுக்கு எழும்பூர் போக வேண்டும். தன் ஊர் இருபது வருடம் கழித்து எப்படி இருக்க வேண்டும் என்று வரைகிற பேனா தன் கையில் இல்லாத ஊரைப் புறநகர் என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

அந்தப் பேனாவைப் பிடித்திருந்த ஆபீஸ்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அடையாறு உங்கள் மேற்குத் தாம்பரம் பக்கமிருந்துதான் திருநீர்மலை, அனகாபுத்தூர் ஓரமாகச் சென்னைக்குள் போகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரில் மாடிவரை தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆற்றுக்கு மாநகராட்சி எல்லை தெரியாது. ஓர் ஊர் மட்டும் தனியாக வரைந்து தீர்க்கிற விஷயமில்லை இது. பெருநகரத்துக்கு ஒரே திட்டம் வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. ஆனால் அதற்கான குழுவில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களை நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் அதே வரியில் சொல்கிறது. அந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் நகரம் என்ற பட்டத்தை அரச பரம்பரைதான் கொடுக்கும். வேல்ஸில் செயின்ட் டேவிட்ஸ் என்று ஒரு சிற்றூர், இரண்டாயிரம் பேர்கூட இல்லை, அது நகரம். லண்டனின் தென்புறத்தில் குராய்டன், மூன்றரை லட்சத்துக்கு மேல் ஜனம், திரும்பத் திரும்ப விண்ணப்பித்தும் பட்டம் கிடைக்கவில்லை. அங்கே தமிழர்களும் கணிசமாக இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பத்திரிகையில் 'லண்டன்' என்றுதான் இருக்கும். நம் நாட்டிலேயே நொய்டா இருக்கிறது. 2011-இல் ஆறு லட்சத்துக்கு மேல் ஜனம், வானளாவிய கட்டடங்கள், ஆனால் தேர்ந்தெடுத்த மாநகராட்சியும் கிடையாது, மேயரும் கிடையாது. தொழில் நகரியம் என்ற பெயரில் அதிகாரிகளின் ஆணையம் நிர்வாகம் பார்க்கிறது. மேயர் இல்லாததால் நொய்டாவை நகரம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை, மேயர் வந்துவிட்டதால் மட்டும் ஓர் ஊர் நகரமாகிவிடுவதும் இல்லை.

உங்கள் கணவரை ஒன்று கேளுங்கள். நீங்கள் குடிவந்த புதிதில் பாரிமுனைக்கோ சென்ட்ரலுக்கோ புறப்படும்போது வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவார்? பழைய தாம்பரத்துக்காரர்கள் "மெட்ராஸ் போயிட்டு வரேன்" என்பார்கள். போயிட்டு வரேன் என்றால் நான் இருப்பது அங்கே இல்லை என்றுதானே அர்த்தம். அடுத்த தலைமுறை "சிட்டிக்குப் போறேன்" என்றது. இப்போது என் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "தி.நகர் போறேன்", "அண்ணா நகர் போறேன்" என்று இடத்தின் பெயரைச் சொல்கிறார்கள், ஒரே ஊருக்குள் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போகிற மாதிரி. இந்தப் பேச்சு மாற்றத்தைத்தான் நான் எந்த அரசாணையையும்விட நம்புகிறேன். இதன்படி பார்த்தால் முப்பது வருடம் முன்பு தாம்பரம் இன்றைக்கு இருப்பதைவிடத் தனி ஊராக இருந்தது. மாநகராட்சி வந்தது, தனித்தன்மை கொஞ்சம் குறைந்தது. வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

எதிர்த் திசையிலும் ஒன்று நடக்கிறது. கூடுவாஞ்சேரி, வண்டலூர், முடிச்சூர், அகரம்தென் பக்கத்து இளைஞர்களுக்கு இப்போது சென்னைக்குள் போகிற அவசியம் குறைந்துகொண்டே வருகிறது. வேலை தெற்கே வந்துவிட்டது, 2023 கடைசியில் பஸ் நிலையமும் கிளாம்பாக்கத்துக்கு வந்துவிட்டது. அவர்களுக்குத் தாம்பரம் கீரைக்காரம்மா சொன்ன அதே டவுன், இன்னும் பெரிய டவுன். ஆனால் பாருங்கள், கிளாம்பாக்கமும் வண்டலூரும் முடிச்சூரும் தாம்பரம் மாநகராட்சிக்குள் இல்லை. தாம்பரத்தைத் தன் நகரமாக நினைக்கிறவர் எல்லைக்கு வெளியே, நினைக்காத பம்மல்காரர் எல்லைக்கு உள்ளே. கோடு போட்டவர்கள் காலையில் மேம்பாலத்தில் நின்று பார்த்திருக்கலாம்.

ஆக, சம்பந்தி மறுபடி சீண்டினால் கோபப்படாமல் இப்படிக் கேளுங்கள்: "கும்பகோணம் மாநகராட்சி ஆனது எந்த வருஷம் சம்பந்தி?" அவர் 2021 என்பார். "எங்களதும் அதேதான்" என்று சொல்லிவிட்டுக் காபியை நீட்டுங்கள். வெற்றிலையிலும் டிகிரி காபியிலும் அவரோடு போட்டிக்குப் போகாதீர்கள், அங்கே நாம் தோற்றுவிடுவோம்.

பத்திரிகை வரியைப் பற்றி இன்னொன்று. ஊர் வரி எப்படிப் போட்டாலும், வழி சொல்லும் வரியைத் தனியாக அச்சடியுங்கள். கும்பகோணத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் டிக்கெட்டில் 'சென்னை எழும்பூர்' என்று பார்த்துவிட்டு நேரே அங்கே போய் இறங்கி, அங்கிருந்து விடியற்காலையில் பெட்டி படுக்கையோடு லோக்கல் பிடித்துத் திரும்பி வருவார்கள். என் தம்பி கல்யாணத்தில் பதினோரு பேர் இப்படி வந்து முகூர்த்தத்தைத் தவறவிட்டார்கள். 'தாம்பரத்தில் இறங்கவும், கிழக்குப் பக்கம் வெளியே வரவும், வேளச்சேரி சாலையில் கேம்ப் ரோடு தாண்டி' என்று மண்டபம் வரை எழுதிவிடுங்கள். 'தாம்பரத்தில் இறங்கவும்' என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் போடச் சொல்லுங்கள்.